சாட்சியில் ஒரு திருத்தம்

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டை நானாக வாங்கவில்லை. மறுவாழ்வு மையத்தில் கவுன்சிலர் மேடம் கொடுத்தார். அவருக்கு நூறு நாள் முடிகிற வரைக்கும் தினமும் மூன்று விஷயம் எழுத வேண்டுமாம்: மாத்திரை போட்டாரா, சாப்பிட்டாரா, தூங்கினாரா. நாலாவதாக ‘உங்கள் மனநிலை’ என்று ஒரு வரி. இதை யார் படிப்பார்கள் என்று கேட்டேன். யாரும் படிக்க மாட்டார்கள், நீங்கள் எழுதினால் போதும் என்றார். நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். ஊரே படிக்கப்போகிற எழுத்தோடுதான் எனக்குப் பழக்கம். யாரும் படிக்காததை எழுதுவது இதுதான் முதல் தடவை.

‘அவர்’ என்றால் என் வீட்டுக்காரர் ஞானதுரை. பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். மே பத்தாம் தேதி குடியை விடுவதற்காக மையத்தில் சேர்ந்தவர் இன்றைக்குத்தான் வீடு திரும்பினார். பதினேழு வருஷமாகச் செருப்பைக் கண்ட இடத்தில் கழற்றி எறிந்தவர், இன்று வாசலில் நின்று, “இதை எங்க விடணும்?” என்று விருந்தாளி மாதிரி கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் பெனிட்டாவுக்கு வரவில்லை. படிக்கணும் என்று உள்ளே போய்விட்டாள். பத்தாம் வகுப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இன்னொரு தடவை ஆரம்பித்தால் கல்லீரல் தாங்காது என்று டாக்டர் சொன்னார். இன்னொரு தடவை ஆரம்பித்தால் நானும் பெனியும் தூத்துக்குடிக்கு என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவோம், திரும்ப மாட்டோம் என்று நான் சொன்னேன். இரண்டுக்கும் தலையாட்டினார். எதற்கு அதிகமாகப் பயந்தார் என்று தெரியவில்லை.

மாத்திரை போட்டார். ரசம் சாதம் சாப்பிட்டார். மனநிலை: நலம்.

ஜூன் 10, செவ்வாய்

மாத்திரை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் உண்டு. மனநிலை: நலம்.

ஜூன் 14, சனி

சீனி டப்பா காலி. கருப்பட்டிப் பானை பாதி. குடித்த உடம்பு இனிப்பு கேட்குமாம், டாக்டரே சொன்னாராம். டாக்டர் சொன்னதில் இவருக்கு மனப்பாடமாக இருப்பது இது ஒன்றுதான்.

சாப்பாடு பரிமாறுகிற சாக்கில் பக்கத்தில் போய் மூச்சு வாடை பார்க்கிறேன். இன்று உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன். “ஊதிக் காட்டுதேன், இரு” என்று சொல்லி ஊதினார். கருப்பட்டி வாடை. இரண்டு பேரும் கொஞ்சம் வெட்கப்பட்டோம்.

போர்வைகளைத் துவைத்தேன். பெனிதான் பிழிந்து கொடுத்தாள். என் இடது கை முறுக்கிப் பிழிய உதவாது. நாலு வருஷத்துக்கு முன்னால் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. சேர்ந்தபோது கொஞ்சம் கோணலாகச் சேர்ந்துவிட்டது.

மனநிலை: நலம்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நடந்ததை விவரமாக எழுதத்தான் வேண்டும்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மாடியில் ஜெபவீடு நடக்கிறது. நாங்கள் பரம்பரையாகப் பெரிய கோயில்காரர்கள். அதாவது கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, அப்புறம் யாராவது இறந்துபோனால் போவோம். ஜெபவீட்டுக் கைத்தட்டலைக் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிற ஆட்கள். நேற்று அவர்களுடைய தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது. காலையில் இவர் போய் மொட்டைமாடியில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு இறங்கும்போது ஆராதனை ஆரம்பித்துவிட்டது. படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். முழங்காலில் இருக்கிற ஜனங்களைத் தாண்டி வர முடியாமல், மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு இரண்டரை மணிநேரம் உட்கார்ந்திருக்கிறார்.

முடிந்ததும் பாஸ்டர் தலையில் கைவைத்து, கர்த்தர் உங்களை அழைத்துவந்தார் என்றாராம். மோட்டார்தான் அழைத்து வந்தது என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். மோட்டாரைப் புகையவைத்தது யார் என்று பாஸ்டர் திருப்பிக் கேட்டாராம். பேரிங் போனதுதான் காரணம் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். ஆனால் குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

மோட்டாரைத் திருப்பி மாட்டப் போனார். இந்தத் தடவை மோட்டாரை மாட்டின பிறகும் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 2, புதன்

விடியற்காலையில் அடுப்படியில் முணுமுணுப்புச் சத்தம். பழைய நாளில் அந்தச் சத்தம் கேட்டால் போத்தலைத் தேடுகிறார் என்று அர்த்தம். எட்டிப் பார்த்தால் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் முழங்கால்படியிட்டு ஜெபம் பண்ணுகிறார். ஹாலில் பண்ணினால் பெனிக்குத் தூக்கம் கெடுமாம். காப்பி போடுவதற்கு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆமென் சொல்லும் வரைக்கும் காத்திருந்து காப்பி போட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

நானும் போனேன். ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். பெனிக்குத் தலைவலி, வரவில்லை.

அந்த ஜெபவீட்டில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கடவுள் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். இவர் எழுந்தார். காது சிவந்துபோயிற்று. “நான் குடிச்சேன். ரொம்பக் குடிச்சேன். வீட்டு மிக்சியை வித்துக் குடிச்சேன். இன்னைக்கு அம்பத்தெட்டாவது நாள், குடிக்கல. ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஜனங்கள் ஏதோ கடமைக்கு அல்லேலூயா சொன்னார்கள்.

என் கண்ணில் தண்ணீர் வந்தது. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று சாட்சி பத்து நிமிஷம். போன வாரச் சாட்சி ஜனங்களைத் தொடவில்லை, இன்னும் ஆழமாகச் சொல்லுங்கள் என்று பாஸ்டர் சொல்லியிருந்தாராம். ஆழமாகச் சொன்னதில் மிக்சி ஃப்ரிட்ஜ் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து, இது யார் வீட்டு ஃப்ரிட்ஜ் என்று கேட்டேன். உள்ளே நேற்று வைத்த சாளை மீன் குழம்பு இருந்தது. பேச்சு ஓட்டத்தில் வந்துவிட்டது என்றார். ஓட்டத்தில் பீரோ வராமல் இருந்ததே பெரிய கிருபை என்றேன். சிரித்துவிட்டார். பிறகு அந்தச் சாளைக் குழம்பையே ஊற்றிச் சாப்பிட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

சாட்சி பதினெட்டு நிமிஷம். வீட்டுக்கு வந்ததும் நான் திருத்தம் போட்டேன், கேட்டுக்கொண்டார்.

சாக்கடையில் விழுந்து கிடந்தபோது நாய் முகத்தை நக்கியது என்பது பொய். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்துக் கடைசி பஸ்ஸை விட்டார். நாய் இருந்தது உண்மை, ஆனால் அது பெஞ்சுக்கு அடியில் தன்பாட்டுக்குத் தூங்கியது. தண்டவாளத்தில் தலைவைத்தபோது ரயில் தானாக நின்றது என்பது முழுப்பொய். எந்த ரயில், திருச்செந்தூர் வண்டியா என்று கேட்டேன். அந்த வண்டி யாரும் தலைவைக்காவிட்டாலும் அங்கங்கே நிற்குமே.

மனைவியின் தாலியைப் பறித்து விற்றேன் என்றும் சொன்னார். பெண்கள் பக்கம் இருந்த அத்தனை பேரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். தாலி இருக்கத்தான் செய்தது. சேலைக்குள்ளிருந்து எடுத்து வெளியே போட்டுக்கொண்டேன். அதுவும் பலிக்கவில்லை. பாவம், கவரிங் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாராள் அக்கா என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

ஜூலை 23, புதன்

சாராள் அக்கா ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்தார். நான் பட்ட பாட்டுக்காம். வாங்கிக்கொண்டேன். சாம்பாருக்கு ஆயிற்று.

மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கடையின் முன்னால் ஐந்து மோட்டார் வரிசையாக நிற்கிறது. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் கை நடுங்கி, செம்புக் கம்பிச் சுற்று எண்ணிக்கை தப்பி, கட்டின காயில் எல்லாம் ஒரு மாதத்தில் கருகித் திரும்பி வரும். இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் தெரிந்தவர் ஒருவர் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணிக்கொண்டே சுற்றுகிறார். எண்ணிக்கை தப்புவதே இல்லையாம். நான் போனபோது ஏதோ பேரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பெனி, பெனி, பெனி என்று பத்துச் சுற்றுக்கு மேல் அதே பேர்தான். நான் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுச் சத்தம் காட்டாமல் வந்துவிட்டேன்.

கேலி பண்ணுகிறேனே தவிர, இந்த மனிதர் மாறித்தான் இருக்கிறார். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

சேரன்மகாதேவிப் பக்கம் வெளியூர்க் கூட்டம். ‘குடியிலிருந்து விடுதலை பெற்ற சகோதரர் ஞானதுரை சாட்சி கூறுவார்’ என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். பெனியும் வந்திருந்தாள், அவளை வீட்டில் தனியாக விட முடியவில்லை.

சாட்சி இருபத்தைந்து நிமிஷம். கடைசியில், பெற்ற பிள்ளை கண்முன்னே மனைவியின் கையை முறித்த பாவி நான் என்றார். கூட்டம் அழுதது.

மைக் சரியில்லை. மத்தியானம் சாம்பார் நன்றாக இருந்தது.

மனநிலை:

ஜூலை 28, திங்கள்

மாத்திரை போட்டார். சாப்பிட்டார். தூங்கினார்.

துணி துவைத்தேன். பெனி பிழிந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. வயது அப்படி.

ஜூலை 30, புதன்

இந்த வாரம் ஏன் திருத்தம் போடவில்லை என்று அவரே வந்து கேட்டார். என் கேலி பழகிவிட்டது போலிருக்கிறது. வேலை இருந்தது என்றேன். அவராகவே ஆரம்பித்தார். “கையை முறிச்சேன்னு சொன்னது ரொம்ப அதிகமாப் போச்சுல்ல? நீ பாத்ரூம்ல விழுந்து கட்டுப் போட்டிருந்தது ஞாபகம் வந்துச்சு. அதை எடுத்துச் சேத்துக்கிட்டேன்.”

குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைக்கப் போனேன். மூன்று விசில்தான் வைக்க வேண்டும், ஐந்து ஆகிவிட்டது. சோறு குழைந்துவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கடையிலிருந்து பாதியில் வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. உப்பெல்லாம் கேட்கவில்லை, நேராகவே பக்கத்தில் போய் வாடை பார்த்தேன். ஒன்றும் இல்லை.

உட்காரவைத்துக் கேட்டேன். நாலைந்து நாளாகவே தாகம் எட்டிப் பார்க்கிறதாம். சுற்றிப் போகிற வழியை விட்டுவிட்டு இன்றைக்கு ஒயின்ஷாப் வழியாகவே நடந்துவிட்டாராம். அங்கே நின்றாராம். நின்றுவிட்டுத் திரும்பினாராம். ஏன் என்று அவருக்கே தெரிந்திருந்தது. “குடிச்ச காலத்துல ஒரு நாளைக்கு அம்பது பொய் சொல்லுவேன் ஹெலன். பொய் சொன்னாக் குடிக்கணும்போல இருக்கும், குடிச்சாப் பொய் சொல்லணும். இப்ப மைக்கைப் பிடிச்சிக்கிட்டு அதையேதான் பண்ணுதேன். சாமி பேரைச் சொல்லிப் பண்ணுதேன்.”

பொய்ச்சாட்சி கூடாது என்பது பத்துக் கட்டளையில் ஒன்று, இது ஞாயிறு பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும், நமக்குத் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டார். சாயங்காலமே பாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டார். பாஸ்டர் முதலில் முகத்தைச் சுளித்தாராம். அடுத்த மாதம் இன்னும் இரண்டு ஊரில் நோட்டீஸ் அடித்தாயிற்றே என்றாராம். பிறகு அவரும் மனிதர்தானே, ஒரு நாள் யோசித்துவிட்டு வா என்றிருக்கிறார்.

ஆகஸ்ட் 9, சனி

பாஸ்டர் சம்மதித்துவிட்டார். பதினேழாம் தேதி ஞாயிறு, அவருக்கு நூறாவது நாள், சபைக்கு முன்னால் எல்லாவற்றையும் திருத்திச் சொல்லப்போகிறார். பட்டியல் போட என்னைக் கூப்பிட்டார். சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து எழுதினோம். ஃப்ரிட்ஜ் இல்லை, மிக்சி. சாக்கடை இல்லை, பெஞ்சு. நாய்க்கும் நமக்கும் சம்பந்தமில்லை. ரயில் வரவே இல்லை. தாலி பத்திரம், சாராள் அக்காவுக்கு முருங்கைக்காய்க் கடன் பாக்கி. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. நாங்கள் இப்படிச் சேர்ந்து சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்றோ.

அப்புறம் கடைசியாக, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார். “எவ்வளவு குடிச்சாலும் உம்மேல நான் கை வச்சதில்ல. அதையாவது நான் சத்தமாச் சொல்லணும், ஹெலன். கண்ணாடியில என் மூஞ்சியப் பாக்க முடியுதுன்னா அது ஒண்ணை வச்சுத்தான்.”

நான் சரி என்று சொல்லி அதையும் எழுதினேன். என் கையெழுத்தில்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நான் பாத்ரூமில் வழுக்கி விழவில்லை.

இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறேன். ஜூன் பதினாலாம் தேதி, போய்ப் பார்த்தேன். யாரும் படிக்காத நோட்டில்கூட.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அச்சகத்தில் ஆவணி முகூர்த்தப் பத்திரிகை குவிந்துவிட்டது. நேரமாகிவிட்டது.

சொன்னால் கண்ணாடி பார்க்க மாட்டார். நேராக ஒயின்ஷாப்புக்குப் போய்விட்டால்? சொல்லாவிட்டால் பொய்யின் மேல் நின்றுகொண்டு உண்மை சொல்லப்போகிறார். அது எத்தனை நாள் தாங்கும்? இரண்டு பக்கமும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே இட்லிக்கு ஆட்டினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. கரண்ட் இல்லை.

கரண்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

அப்பா நாளைக்கு என்ன சொல்லப்போகிறார் என்று பெனி கேட்டாள். எல்லாவற்றையும் திருத்திச் சொல்லப்போகிறார் என்றேன். கையைப் பற்றியுமா என்றாள். ஆமாம் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கை கழுவிவிட்டு வந்து, “நானும் வாரேன் நாளைக்கு” என்றாள். இதுவரை அவளாக ஜெபவீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னதே இல்லை.

மாத்திரை போட்டார். சாப்பிட்டார். சந்தோஷமாகத் தூங்குகிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சாட்சி நேரத்தில் இவர் எழுந்து முன்னால் போனார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பட்டியல். நானும் பெனியும் பெண்கள் பக்கம் பாயில், மூன்றாவது வரிசை. இத்தனை வாரமாக நான் சொன்னதில் பாதி பொய், இன்றைக்குத் திருத்திச் சொல்ல வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்தார். முதலில் யாருக்கும் புரியவில்லை. ஃப்ரிட்ஜ் மிக்சியானபோது ஒருத்தர் சிரித்தார். நாய் பெஞ்சுக்கு அடியில் தூங்கியது என்றபோது சபையே சிரித்தது. தாலி வந்தபோது சாராள் அக்கா திரும்பி என்னைப் பார்த்து வாயில் கைவைத்துக்கொண்டார். பாஸ்டர்கூடச் சிரித்துவிட்டார். இவ்வளவு நாள் அழவைத்த மனிதர் இன்றைக்குச் சிரிக்கவைத்தார். உண்மை இவ்வளவு சுவாரசியமாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

பட்டியலில் கடைசி வரிக்கு வந்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், அதை அவர் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை.

“என் மனைவி கையை முறிச்சேன்னு சொன்னேன். அது பொய். நான் குடிகாரன்தான். ஆனா பதினேழு வருஷத்துல அவ மேல ஒரு தடவைகூட...”

பெனி திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரிந்துகொள்வதற்காகப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

சிஸ்டர், நீங்களும் ஒரு சாட்சி சொல்லுங்கள் என்று பாஸ்டர் என்னை வாராவாரம் கேட்பார், நான் பிறகு பார்க்கலாம் என்பேன். அதனால் நான் எழுந்ததும் எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பினார்கள்.

“கையை முறிச்சது மட்டும் நெசம்” என்றேன்.

பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். இவர் என்னையே பார்த்தார். நான் கேலி பண்ணுகிறேனோ என்று முதலில் நினைத்தது முகத்தில் தெரிந்தது. அப்புறம் பெனியைப் பார்த்தார். பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு, பக்கவாட்டுப் படிக்கட்டு வழியாக இறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தோம். அவர் இல்லை. பதினொன்றரை, பன்னிரண்டு, ஒன்று. போன் எடுக்கவில்லை. நான் செய்தது சரியா தப்பா என்று கேட்பதற்கும் ஆள் இல்லை. தூத்துக்குடிக்குப் போக வேண்டி வந்தால் எதை எல்லாம் எடுத்துவைக்க வேண்டும் என்று மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். அழுகை வந்தது. இந்தத் தடவை ஃபேன் ஓடவில்லை.

மூன்று மணிக்கு வந்தார். கடையைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருந்தாராம். சட்டையெல்லாம் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாடை. வேறு வாடை இல்லை. உள்ளே வராமல் வாசல்படியிலேயே உட்கார்ந்து கேட்டார்.

“எந்தக் கை?”

நாலு வருஷமாக நான் பிழியாத துணியையும் திறக்காத மூடியையும் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு எந்தக் கை என்றுகூடத் தெரியவில்லை. அவருக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டதும் நான்தான். இடது கையை நீட்டினேன். தொடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று கேட்டார்.

அதைச் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் அவர் என் வீங்கின கையைப் பார்த்துப் பதறி, என்ன ஆயிற்று என்று கேட்டார். அவரே காப்பி போட்டுக்கொண்டுவந்தார். கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாத்ரூமில் விழுந்துவிட்டேன் என்று வந்துவிட்டது. ஒரு தடவை சொன்ன பிறகு எல்லோரிடமும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று.

“என்னையும் அம்மா அதையேதான் சொல்லச் சொன்னா.”

பெனி உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. “ஆஸ்பத்திரில டாக்டர் உன்னை எக்ஸ்ரேக்கு அனுப்பிட்டு என்கிட்ட கேட்டாரும்மா. உண்மையச் சொல்லு பாப்பா, பயப்படாதன்னு ரெண்டு தடவ கேட்டாரு. ரெண்டு தடவயும் வழுக்கி விழுந்தாங்கன்னு சொன்னேன்.”

அப்போது அவளுக்குப் பதினொரு வயது. டாக்டர் அவளைத் தனியாகக் கேட்டது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அவர் சாட்சியை வாராவாரம் கேலி பண்ணிக்கொண்டிருந்த நான், பெற்ற பிள்ளையைப் பொய்ச்சாட்சி சொல்லவைத்திருக்கிறேன். வயது அப்படி என்று இந்த நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். அவள் கோபம் முழுக்க அப்பா மேல் என்றுதான் நினைத்திருந்தேன். பாதி என் மேல்.

“மன்னிச்சிரு பெனி. என் தப்பு” என்றேன். அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

இவர் அவள் பக்கம் திரும்பி, அன்றைக்குப் பார்த்ததை முழுசாகச் சொல்லச் சொன்னார். எதையும் குறைக்க வேண்டாம் என்றார். அவள் சொன்னாள். நிறைய குடித்துவிட்டு வண்டியை எடுக்கப் பார்த்தார். நான் சாவியைக் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டேன். சாவிக்காகக் கையை முறுக்கினார். நான் விடவில்லை. சத்தம் கேட்டது. அடுப்படியில் நின்று அவள் பார்த்தாள். சாவியோடு போனவரால் வண்டியைக் கிளப்ப முடியவில்லை, வண்டி மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். அவள்தான் போர்வை எடுத்துப் போய்ப் போர்த்தினாள். போர்வை விஷயம் எனக்கும் தெரியாது.

அவள் பேசி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நடுநடுவே அழுதாள், மறுபடி சொன்னாள். அவர் நடுவில் ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. நாலு வருஷத்தை ஒரே மத்தியானத்தில் கேட்டார். முடிந்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் பார்க்க, அழுதார். மேடையில் அழுததைப் பார்த்திருக்கிறேன். இது வேறு.

பிறகு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, மாத்திரையை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மனநிலை: சரியில்லை. பயமாக இருக்கிறது. ஆனால் நெஞ்சில் இருந்த கனம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாத்திரை போட்டார். இரண்டு இட்லிதான் சாப்பிட்டார். மூன்று பேரும் தூங்கவில்லை.

பாஸ்டர் காலையிலேயே வந்துவிட்டார். இவரைத் திட்டுவார் என்று பயந்தேன். இனிமேல் யாரையும் இன்னும் ஆழமாகச் சொல்லு என்று கேட்க மாட்டேன் என்று அவர்தான் மன்னிப்புக் கேட்டார். இரண்டு ஊர்க் கூட்டமும் வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவேன், பின்னால் உட்காருவேன், கொஞ்ச நாளைக்குக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன் என்றார்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பெனிக்கு ஜடை பின்னிவிட்டேன். பத்தாம் வகுப்பு வந்ததிலிருந்து அவளே பின்னிக்கொள்வாள், இன்று என்னவோ ரிப்பனை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். இவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பொய் சொல்லாமல் இருப்பதும் குடிக்காமல் இருப்பது மாதிரிதான் போலிருக்கிறது, ஒவ்வொரு நாளாகத்தான் எண்ண வேண்டும், அப்பாவுக்கு இன்று நூற்று ஒன்றாவது நாள், எனக்கு இரண்டாவது நாள் என்று அவளிடம் சொன்னேன்.

“ரெண்டு நாளைக்கே சாட்சி சொல்லக் கிளம்பிராதம்மா” என்றாள்.

வாசலில் இவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவளுக்கும் கேட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.